பச்சை காட்டிய திரை

பஃபலோ, வயோமிங்
ஏப்ரல் கடைசி ஞாயிறு

அன்புத் தம்பி ராய்ஸுக்கு,

அக்கா வெல்மா எழுதுவது. நலம் என்று எழுத மனம் வரவில்லை. லேலண்ட் மாமாவுக்குத் தோள்பட்டை எலும்பு கூடி வருகிறது. கட்டுப் போட்ட கையோடு கன்று ஈனும் மாடுகளைப் பார்க்கப் போகிறேன் என்று உன் மாமா அடம்பிடிக்கிறார். இங்கே இன்னும் பனி விழுகிறது. குதிரை ஜூனிபர் இல்லாத லாயத்தைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை.

நேற்று நீ வண்டி விற்கும் கடைத் தொலைபேசியில் என்னை "மேடம்" என்றாயே, வாய் கூசவில்லையா? பேச்சைப் பதிவு செய்கிறார்களாம். செய்யட்டுமே! உனக்கு மூக்குச் சிந்திவிட்டவள் நான். "ட்ரெய்லர் பிளக்கைச் சரியா செருகாதது உங்க தவறு, மேடம்" என்று எவனோ எழுதிக் கொடுத்ததை என்னிடமே ஒப்பிக்கிறாய்.

வண்டிக்குப் பின்னால் நான் குதிரை ட்ரெய்லர் மாட்டுவது நேற்றா இன்றா? ஒருத்தர் பிரேக்கை மிதிக்க, இன்னொருத்தர் பின்னால் நின்று "வலது விளக்கு எரியுது, இடது எரியல" என்று கத்தாமல் நம் வீட்டு வண்டி எதுவும் கேட்டைத் தாண்டியதில்லை. அதை நிறுத்தியது யார்? இந்த மின்சாரப் பிக்கப் வண்டியை என் தலையில் கட்டும்போது, "அக்கா, இனிமே மாமா குளிர்ல பின்னாடி நிக்க வேணாம். எல்லாத்தையும் வண்டியில இருக்கற திரையே பாத்துச் சொல்லிடும்" என்றவன் நீதானே?

அன்று ஜூனிபரை ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும் வழியில், வோர்லேண்டில் சார்ஜ் போட ட்ரெய்லரைக் கழற்றச் சொன்னார்கள். ட்ரெய்லரோடு அந்த இடத்துக்குள் வண்டி நுழையாது. மறுபடி மாட்டி, பிளக்கை அழுத்திச் செருகினேன். திரையில் ட்ரெய்லர் படம் பச்சையாக வந்தது. இறங்கிப் பார்க்கிறேன் என்ற லேலண்டை, "உக்காருங்க, ராய்ஸ்தான் சொல்லியிருக்கான்ல" என்று நான்தான் தடுத்தேன்.

மலையிறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் பிக்கப் நிற்கப் பார்க்கிறது, ட்ரெய்லர் நிற்கவில்லை. பின்னாலிருந்து தள்ளித் தள்ளியே எங்களைப் பள்ளத்தில் இறக்கிவிட்டது. அப்போதும் திரை பச்சைதான், ராய்ஸ்! ஜூனிபரின் முன்னங்கால்கள் முறிந்துபோயின. கால்நடை டாக்டர் வந்து கடைசி ஊசி போடும்வரை அவள் தலை என் மடியில் இருந்தது.

ஊர் மெக்கானிக் அந்தப் பிளக் செருகும் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார். பனி உருகச் சாலையில் தூவும் உப்பில், ஒரே குளிர்காலத்தில் உள்ளே முனைகள் அரித்துப் போயிருந்தன. பிளக் செருகியிருக்கிறதா என்பது மட்டும்தான் அந்தத் திரைக்குத் தெரியுமாம். ட்ரெய்லர் பிரேக்குக்குக் கரண்ட் போகிறதா என்பது தெரியாதாம். இதற்குப் பெயர் புத்திசாலி வண்டி!

என் வயிற்றெரிச்சல் அதுகூட இல்லை. "மேடம்" பேச்சு முடிந்ததும் உன் சொந்தப் போனிலிருந்து அழைத்துக் கிசுகிசுத்தாயே, அதுதான். "அக்கா, இப்படி ஆனதுல உன்னோடது மொதல் வண்டி இல்ல. மேனேஜர் வாயத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. என் வேலைய நெனச்சுப் பாரு."

வருகிற சனிக்கிழமை பக்கத்துப் பண்ணை டார்வின் இதே வண்டியை எடுக்க உன்னிடம் வருகிறார். கோடை முழுக்க மகள்களையும் அவர்களுடைய குதிரைகளையும் ரோடியோ போட்டிகளுக்கு அதில்தான் கூட்டிப் போவாராம். தலைபாடாக அடித்துக்கொண்டேன். "உன் தம்பியே நல்ல வண்டிங்கறான், உனக்கென்ன வெல்மா?" என்று சிரிக்கிறார்.

எனக்கு இழப்பீடு வேண்டாம். மன்னிப்பும் இப்போது வேண்டாம். சாவியைக் கொடுக்கும் முன் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடு. வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வந்துவிடு. உனக்கு ஒரு தட்டுச் சாப்பாடு இங்கே இல்லாமலா போகும்? சொல்லாமல் விட்டாலும் வா, நான் கதவைச் சாத்தமாட்டேன். ஆனால் டார்வின் வீட்டு வாசலைத் தாண்டித்தான் நீ இங்கே வரவேண்டும்.

கர்த்தர் உனக்குத் தைரியம் தரட்டும்.

உன் அக்கா,
வெல்மா