என் நெஞ்சு கட்சி மாறிய ஐப்பசி

திங்கள், ஒக்டோபர் 13

விடியலில் இருந்து காற்றும் மழையும். கல்லடிப் பாலத்தில் குடை பிடித்தவர்கள் எல்லாம் பின்பக்கமாக நடந்தார்கள். ஒலிபெருக்கிக் குழாய் இரண்டுக்குள்ளும் தண்ணீர், துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். சுனாமிக்குப் பிறகு என் மைக்செட்டில் மிஞ்சியவை இவைதான். வாவிக்கரைக் கோயில்கள் அத்தனைக்கும் குரல் கொடுத்த சக்கரவர்த்தியின் மிச்சச் சேனை.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. ஊசி குத்தி எடுத்த துண்டின் முடிவு வந்துவிட்டது. இடது நெஞ்சில் புளியங்கொட்டை மாதிரி உருண்டுகொண்டிருந்தது புற்றுநோயாம். மார்புப் புற்றுநோய். பெண்களுக்கு வருவது.

"ஆம்பிளையளுக்கும் வரும் ஐயா. குறைவு, ஆனா வரும்," என்றார் டொக்ரர்.

"எனக்கேன் வந்தது டொக்ரர்? நான் ஒரு நாளும் ரவிக்கை போட்டதில்லயே."

சிரிக்கவில்லை. என் பகிடிக்குச் சிரிக்காதவர் ஆசியாக் கண்டத்திலேயே இவர் ஒருவர்தான்.

யோசித்துப் பார்த்தால்: வீடு என் பெண்சாதி பூரணத்தின் சீதனம். வளவு அவளுடையது. வட்டையில் இருக்கிற வயல் அவளுக்குத் தாய்வழி வந்தது. இந்த ஊரில் புருஷன் என்பவன் பெண்சாதி வீட்டில் நிரந்தர விருந்தாளி. எனக்கென்று சொந்தமாக இருந்தது இந்த நெஞ்சு ஒன்றுதான். அதுவும் பெண்கள் பக்கம் சேர்ந்துவிட்டது. ஆளுக்காள் கட்சி மாறுகிற காலம். இதை மட்டும் குறை சொல்லி என்ன.

செவ்வாய்

மழை விட்டு, ஈசல். வானொலியில் வன்னிச் சண்டைச் செய்தி. பாதியில் நிறுத்தினேன்.

தங்கச்சி மகள் தேவியுடன் மந்திராலோசனை. அதே ஆஸ்பத்திரியில் தாதி. இடம்: ஆஸ்பத்திரிக் கன்ரீன். வடை பழசு.

இருக்கிற வழிகள்:

இங்கேயே வெட்டுவது. மாத முடிவுக்குள் இடம் உண்டு. ஆனால் முதலில் வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குப் போய் வாங்கில் குந்த வேண்டும். வாங்கு முழுக்கப் பெண்கள்.

கொழும்பு. காசு கட்டத் தேவையில்லை, பெரிய மெஷின்கள் எல்லாம் அங்கேதான். வெட்டிய பிறகு கரண்ட், அதுதான் கதிர், வைக்க எப்படியும் அங்கேதான் போக வேண்டுமாம். ஆனால் லொட்ஜ், பொலிஸ் பதிவு, சிங்களம்.

இந்தியா. வயலை விற்க வேண்டும். வயல் யாருடையது என்று நேற்றே எழுதியாயிற்று.

எண்ணெய் பூசிக் கரைக்கிற பரிசாரியார். அவருடைய கழுத்துக் கழலையே இன்னும் கரையவில்லை.

"இஞ்சயே செய்யுங்க மாமா. சுணங்க ஒண்ணா," என்றாள் தேவி.

"இஞ்ச செஞ்சா விடியமுதல் வாகரை மட்டும் கதை போயிரும் புள்ள. மைக்செட்காரனுக்கு மாரில வருத்தமாம் எண்டு."

"போனாப் போகட்டுமே. கதையா உங்களத் திங்கப் போகுது?"

என்னைத் தின்னும். ஊரை எல்லாம் பகிடி பண்ணியவன் நான். வட்டியும் முதலுமாகத் தருவார்கள். கொழும்புதான். அங்கே என்னை ஒரு குருவிக்கும் தெரியாது.

பூரணத்துக்கு மூச்சும் விடக்கூடாது என்று தேவியிடம் சத்தியம் வாங்கினேன். என் தலையில் கை வைத்தே செய்தாள்.

புதன்

இராசுவிடம் மட்டும் சொன்னேன். பூரணத்தின் தம்பி, என் மச்சான். வெள்ளைக்காரருடைய நிவாரண வாகனம் ஓட்டி ஓட்டிச் சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அழுதுவிட்டான். "நான் இரிக்கன் மச்சான். உன்னத் தோள்ல வெச்செண்டாலும் கொண்டு போவன்."

"தோள் எலும்பு முறிஞ்சிரும்டா. நான் யானப் பாரம்."

சுனாமி அன்று இவனைத் தலைமயிரில் பிடித்து வாவிக்குள் இருந்து இழுத்தவன் நான். அலை ஏழு பனை உயரம் என்று நான் சொல்வதில் ஆறு பனை பொய். இவனை இழுத்தது பொய் இல்லை.

பூரணத்திடம் சொன்னது: கொழும்பில் புது அம்பிளிபயர் மலிவு, இராசுவோடு போய் வாங்கி வருகிறேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்ந்த சட்டையாகப் பார்த்துப் பார்த்து அடுக்கினாள். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்து, மடித்து, அதையும் வைத்தாள். அம்பிளிபயர் துடைக்கவாம்.

சனி

இரண்டு நாள் எழுதக் கை வரவில்லை.

வியாழன் அதிகாலை பஸ். ஓட்டமாவடி தாண்டும் மட்டும் இராசு என் தோளில் தூங்கினான். பொலனறுவைப் பாதையில் சோதனைச் சாவடி. வழக்கம்போல் எல்லாரும் பையோடு இறங்கி வரிசை. எங்கே, ஏன் என்று கேள்வி. டொக்ரரின் இங்கிலீசுக் கடிதத்தை நீட்டினேன். இளம் அதிகாரி ஒருவன் வாசித்தான். திரும்ப வாசித்தான். மற்றவனைக் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் என் பின்னால் எட்டிப் பார்த்தார்கள். பெண்ணைத் தேடுகிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

பெண் இல்லாமல் பெண் வருத்தக் கடிதத்தோடு கொழும்புக்குப் போகிற தமிழன். அவன் முகம் மாறியது. எனக்குச் சொல்ல மொழி இல்லை. இராசுவைக் காட்டினேன். அவன் பக்கம் திரும்பி அதிகாரி ஏதோ கேட்டான்.

எனக்குத் தெரிந்த சிங்களம் மூன்று சொல். அதில் ஒன்றைத்தான் இராசு சொன்னான்.

"தன்னே."

தெரியாது. இந்த ஆளைத் தெரியாது.

என் முகத்தைப் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினான். என் வடைப் பார்சலும் அந்தப் பைக்குள்.

நான் சட்டையைத் திறந்தேன். வேறு என்ன செய்வது. ஊசி குத்திய இடத்து ஒட்டுத் துணியையும் உரித்தேன். வரிசை முழுக்கப் பார்த்தது. நெஞ்சைப் பிளந்து காட்டிய அனுமார் நான்தான், உள்ளே கடவுள் இல்லை என்பது ஒன்றுதான் வித்தியாசம். அதிகாரி குனிந்து பார்த்தான். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கடிதத்தைத் தந்தான். போகலாம் என்று கை காட்டினான்.

பஸ் போய்விட்டிருந்தது.

என்னை ஒருவருக்கும் தெரியாத ஊர் வேண்டும் என்று கேட்டேன். கொழும்பு வரை போகத் தேவைப்படவில்லை.

திரும்பி வந்தது வெங்காய லொறியில். ஓட்டமாவடிப் பொடியன் ஓட்டினான். "என்ன மாமா, கண்ணெல்லாம் செவந்து கிடக்கு?"

"வெங்காயம் மனே."

ஞாயிறு

பூரணம் சோறு போட்டாள். திரளி மீன் பொரியல். கையை உதறிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், அம்பிளிபயர் தவிர.

"தெரியும். தேவி அண்டைக்கே சொன்னவள்," என்றாள்.

என் தலை! என் தலையில் அடித்த சத்தியம்! தலை இன்னும் கழுத்தில் நிற்பதே அதிசயம்.

"தெரிஞ்சா நீ ஏன் கேக்கல்ல?"

"நீங்க ஏன் சொல்லல்ல? அவனுக்குச் சொல்லத் தெரிஞ்ச வாய்க்கு எனக்குச் சொல்லத் தெரியாதா?"

மீன் முள் தொண்டையில். உண்மையாகவே.

இராசு நேற்றே வந்துவிட்டானாம். படலை வரை வந்து திரும்பிப் போனானாம். "பயத்தில சொல்லிப்போட்டான். ரெண்டு குமர்ப் புள்ளையளோட இரிக்கிறவன், அவன ஆமி கொண்டு போனா ஆரு கேக்கிற?" என்றாள். அதுவும் எனக்குத் தெரியும். தெரிந்தால் வலிக்காது என்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது?

இங்கேயே வெட்டுவது என்று முடிவு. கரண்ட் வைக்கக் கொழும்புக்குப் போகும்போது அவள் வருவாளாம். அவளுக்கு ஒரு சொல் சிங்களமும் தெரியாது. நல்லது. 'தன்னே'யும் தெரியாது.

வெள்ளி 24

கிளினிக். வெயில். வாங்கு நிறையப் பெண்கள், பூரணம் என் பக்கத்தில். பெயர் கூப்பிட்டதும் அவளைத்தான் எழும்பச் சொன்னார்கள். நான் எழும்பினேன்.

"அட, கோயில் மைக் மாமா!" என்றாள் ஒருத்தி.

"ஓம் புள்ள. பக்தகோடிகளின் கவனத்துக்கு: மாமாக்கும் இதே வருத்தந்தான்."

சிரித்தார்கள். ஒரு அக்கா மட்டும் சிரிக்காமல் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். திரும்பி வந்தபோது எனக்கு வாங்கின் நடுவில் இடம் விட்டிருந்தார்கள். "இதில இரிங்க மாமா, காத்து வரும்."

வெள்ளி 31

வெட்டி மூன்றாம் நாள். மாதக் கடைசி, பெருமழை. ஆண்கள் வார்ட். இடது பக்கம் முழுக்கக் கட்டு. உடம்பில் ஒரு குழாய், அதன் நுனியில் ஒரு போத்தல். நெஞ்சிலிருந்து அவர்கள் எடுத்தது ஒரு தேங்காய் அளவு என்று பக்கத்துக் கட்டிலுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

கஞ்சி. உப்பில்லை. பூரணம் கரண்டியோடு.

பின்னேரம் வாசல் காவலாளி வந்தார். "மாமா, ஒராள் வெளியில நனைஞ்சிட்டு நிக்கிறார். உங்கட மச்சானாம். நேரம் முடிஞ்சுது. தெரிஞ்ச ஆள்தானே?"

பூரணம் கரண்டியைக் கஞ்சிக்குள் விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"தன்னே," என்றேன்.

காவலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "மாமாக்குச் சாகக் கிடந்தாலும் பகிடிதான்!" போய் அவனை உள்ளே விட்டுவிட்டார்.

கட்டிலின் காலடியில் இராசு. கையில் அப்பிள் பை. தலைமயிரில் தண்ணீர் சொட்டுகிறது, அன்றைக்கு வாவியில் இருந்து இழுத்தபோது மாதிரியே.

"மச்சான்," என்றான்.

மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அதுதான் வெட்டின பக்கம்.