குலாம் சகியின் மகள்

கைர் கானா, காபூல்
ஜதி மாதம், பனி கொட்டிய மறுநாள்

என் உயிர் இத்ரீஸ் ஜானுக்கு அம்மா எழுதுவது. உனக்கு ஒரு குறையும் வராமல் அல்லா காக்கட்டும். இங்கே நானும் உன் தங்கை ஷகீபாவும் உயிரோடு இருக்கிறோம், அடுப்பு எரிகிறது, கூரை இன்னும் ஒழுகவில்லை. நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. சோதனைச் சாவடிகளில் போனைப் பிடுங்கிப் பார்க்கிறார்கள், அதனால் வைத்தியத்துக்குப் பெஷாவர் போகும் பக்கத்து வீட்டுக்காரி இதைத் தன் மெத்தைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு போகிறாள். ஹாம்பர்க் குளிரில் காதைத் திறந்து போட்டுக்கொண்டு அலையாதே, சிறுவயதிலிருந்தே உனக்குக் காதுவலி வரும்.

உன் குரல் செய்தியைக் கேட்டவுடனே அழித்துவிட்டேன். நாடுகளுக்கெல்லாம் பொதுவான பெரிய நீதிமன்றத்துக்காக ஒரு வழக்கறிஞர் அம்மாள் சாட்சியம் சேர்க்கிறார், நடந்ததைச் சொல்லுங்கள், ஆனால் பெயர்கள் வேண்டாம், காபூலைச் சேர்ந்த ஒரு பெண் என்று போட்டால் போதும், இங்கே கடையிலும் மசூதியிலும் நம் ஆட்கள் படித்துவிட்டுப் பேசுவார்கள் என்றாய். முழுதும் படித்துவிட்டு உன் மானத்தை எடைபோடு.

இலை உதிரத் தொடங்கும் மீஸான் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பதினெட்டுப் பெண்கள் ரொட்டி, வேலை, சுதந்திரம் என்று எழுதிய படுதாவைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எழுதியது ஷகீபா, சிவப்புச் சாயம், நம் கதவுக்கு அடித்து மிஞ்சியது. இருநூறு அடி போவதற்குள் ஆட்சிக்காரர்களின் வண்டிகள் வந்துவிட்டன. துப்பாக்கிக் கட்டையால் வாயில் அடித்ததில் ஒருத்திக்கு முன்பற்கள் போயின. முடியைப் பிடித்து இழுத்துப் பதினொரு பேரை வண்டியில் எறிந்தார்கள். அதில் ஷகீபா ஒருத்தி. இன்னொருத்தி மஹ்குல், ரொட்டிக்கடைத் தெருவில் இருந்தவள், வீட்டில் வைத்துச் சிறுமிகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள். அவளுடைய அப்பாவும் இறந்துவிட்டார். அவர் பெயரும் உன் அப்பா பெயர்தான், குலாம் சகி.

ஏழு நாள் அவர்களை அடைத்த சிறை வாசலில் நின்றேன். இனி இவள் தெருவில் இறங்க மாட்டாள் என்று வீட்டு ஆண்பிள்ளை கையெழுத்துப் போட்டு, வீட்டுப் பத்திரத்தையும் கொடுத்தால்தான் விடுவார்களாம். என் கையெழுத்து செல்லாது. உன் சித்தப்பா யாசினிடம் போய்க் காலைப் பிடித்தேன். “அவ நம்ம மூக்கை அறுத்துட்டா அண்ணி, அங்கேயே கிடந்து அழுகட்டும்” என்றான். நான் தட்டில் போட்டு ஊட்டி வளர்த்தவன் இவன். மஹ்குலின் அண்ணன் ஹஷ்மத் கையெழுத்துப் போட்டான், பத்திரத்தையும் கொடுத்தான். காவலாளி நோட்டில் எழுதிக்கொண்டான், குலாம் சகியின் மகள் என்று. அவள் பெயர் மஹ்குல், எழுதிக்கொள்ளுங்கள் என்று ஹஷ்மத் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்னிய ஆண் முன்னால் தங்கை பெயரைச் சொல்ல அவனுக்கு வெட்கம். பெயர் என்ன என்று காவலாளியும் கேட்கவில்லை. நான்தான் என் மகள் பெயரைச் சொல்லி விசாரித்தேன். “பொம்பளைங்க பேரையெல்லாம் இங்க சொல்லாதே கிழவி, கேட்டாலே பாவம்” என்று விரட்டினான். உள்ளே கேபிள் வீசும் சத்தம் வாசல்வரை கேட்டது. அது பாவமில்லை போலிருக்கிறது.

உள்ளே நடந்தது ஷகீபா சொன்னது. குலாம் சகியோட பொண்ணு வெளியே வா என்று கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஷகீபாவை இழுத்துக்கொண்டு போனார்கள். கூப்பிட்டது என்னை இல்லையோ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அம்மா, சொல்லவில்லை என்கிறாள் உன் தங்கை. தலையோடு கால் மூடிய துணி, ஹஷ்மத்துக்கு எப்படித் தெரியும், கூட்டிக்கொண்டு போனான். வீட்டில் துணியை விலக்கியபோதுதான் வேறு முகம். நம் கதவைத் தட்டினான். “இது உங்க பொண்ணு. என் தங்கச்சி எங்கே?” என்றான். எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது இத்ரீஸ், பொய் எழுத மாட்டேன்.

அவன் திரும்பி ஓடினான். “ஒரு பொண்ணுக்குக் கையெழுத்துப் போட்டே, ஒரு பொண்ணை வாங்கிட்டுப் போனே, இன்னொண்ணு வேணுமா?” என்று சிரித்து, துப்பாக்கிக் கட்டையால் அவன் விலாவை உடைத்து அனுப்பினார்கள். படுதா எழுதியது குலாம் சகியின் மகள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, உள்ளே மிஞ்சியவள்தான் அவள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூன்றாம் நாள் உடலைக் கொடுத்தார்கள், மாரடைப்பு என்று ஒரு காகிதத்தோடு. அவளுக்கு இருபத்திரண்டு வயது.

குளிப்பாட்ட என்னைத்தான் கூப்பிட்டு அனுப்பினாள் அவள் அம்மா. எப்படிப் போனேன் என்று கேட்காதே. முதுகில் தோல் இருந்த இடம் கொஞ்சம்தான். வலது கையில் மூன்று விரல்கள் பின்பக்கமாக மடிந்திருந்தன, எழுதிய கை என்று ஒடித்திருக்கிறார்கள். கழுத்தைச் சுற்றிக் கம்பி இறுக்கிய கோடு, என் சுண்டுவிரல் அதற்குள் இறங்கியது. ஊற்றிய தண்ணீர் நாலு செம்புவரை சிவப்பாகவே ஓடியது. அவள் அம்மா அழவில்லை. “என் பொண்ணு பேர்ல உன் பொண்ணு வெளிய வந்தா, உன் பொண்ணு பேர்ல என் பொண்ணு செத்தா” என்றாள். பேரே எழுதலையே அக்கா, அப்பன் பேரைத்தானே எழுதினாங்க என்றேன். செம்பில் தண்ணீர் மொண்டாள். பிறகு, “தலையைத் தூக்கிப் பிடி, முடியை அலசணும்” என்றாள்.

கல் நட்டார்கள். அதில் என்ன வெட்டியிருந்தது தெரியுமா, மறைந்த குலாம் சகியின் மகள். அவளைக் கொன்ற அதே வரி. ஷகீபா மிச்சச் சாயத்தை எடுத்துக்கொண்டு போய், அதன் கீழே மஹ்குல் என்று எழுதிவிட்டு வந்தாள். அடுத்த வாரம் யாரோ சுரண்டியிருந்தார்கள். மறுபடி எழுதினாள். மூன்றாம் முறை நானும் போனேன், எழுத வேலை இருக்கவில்லை. ஆணியை வைத்து ஆழமாக வெட்டியிருந்தது. ஹஷ்மத் கல்லுக்குப் பக்கத்தில் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தான், உடைந்த விலாவைப் பிடித்துக்கொண்டு.

இப்போது நீ சொல், காபூலைச் சேர்ந்த ஒரு பெண் என்றால் நீதிபதிக்கு எவள் செத்தாள், எவள் பிழைத்தாள் என்று எப்படித் தெரியும்? ஆபத்து என்பாய். அடித்தவர்களுக்கு எங்கள் வீடு தெரியும், கதவின் நிறம்கூடத் தெரியும். உன் மசூதிக்காரர்களுக்குத்தான் தெரியாது, தெரியட்டும். ஷகீபா தான் வாய் திறக்காமல் நின்றதையும் சேர்த்து எழுதச் சொல்கிறாள். அதைத் தடுக்க ஒரு நாள் முழுக்க அவளோடு சண்டை போட்டேன், தோற்றுவிட்டேன். காவலாளி எழுதிய மாதிரியே நீயும் எழுதினால் உனக்கும் அவனுக்கும் நோட்டு மட்டும்தான் வேறு.

விரல் வீக்கத்துக்குப் பூசும் களிம்பு கிடைத்தால் யாரிடமாவது கொடுத்தனுப்பு, உள்ளே வாங்கிய அடி ஷகீபாவுக்கு ராத்திரி வலிக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நடக்கும் வழியெல்லாம் அல்லா உனக்கு முன்னால் நடக்கட்டும், உன் நாக்குக்கு உரம் கொடுக்கட்டும். இந்தத் தாளையே அந்த வழக்கறிஞர் அம்மாளிடம் கொடு. நீ பிறந்த நாளிலிருந்து இந்தத் தெரு என்னை இத்ரீஸின் அம்மா என்றுதான் கூப்பிடுகிறது, எனக்கும் அது இனிப்பாகத்தான் இருந்தது. இன்றைக்கு மட்டும் அது போதாது. கோணலாக இருந்தாலும் இது என் கையால் எழுதியது, மாற்றாதே.

இறந்தவள் மஹ்குல்.
பிழைத்தவள் ஷகீபா.
குளிப்பாட்டிப் பார்த்தவள்,
ஷாபரி