கராஜில் காய்ந்த உடுப்புகள்

சேனோர், 'ஐயா' என்பதற்கு உங்கள் ஸ்பானிய மொழியில் எனக்குத் தெரிந்த சொல் இதுதான். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில், அதுவும் நீங்கள் இறந்துபோன பிறகு எழுதுவதற்கு மன்னியுங்கள். ஆங்கிலத்தில்தான் தொடங்கினேன். வேலைக்கு விண்ணப்பிப்பதுபோல இருந்தது, கிழித்துவிட்டேன்.

நேற்று உங்கள் மனைவி மார்த்தா எங்கள் குசினிக்கு வந்திருந்தார். அவருடைய தொழிற்சாலைக் கோட்டில் சவர்க்கார வாசம் மட்டுமே இருந்தது. கரிப்புகை இல்லை. அப்போதிருந்து என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

நம் இரு குடும்பங்களும் வேறு வேறு நாடுகளிலிருந்து வந்து அயலவராகக் குடியேறிய ஃபேர்ஃபீல்டில் எல்லாப் பின்வளவிலும் குடைபோலச் சுற்றும் உடுப்புக் கொடி இருந்தது. உங்களுடையது எப்போதும் வெறுமையாக நின்றது. முதுகு அடிபட்டு நீங்கள் வேலையை விட்டபின் மார்த்தா பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போனார். சமையலும் தோய்ப்பும் உங்களிடம் வந்தன. நீங்கள் பாவாடை காயப்போடுவதை உருகுவே நண்பர்கள் யாரும் கண்டுவிடக் கூடாதென்று கராஜுக்குள் கயிறு கட்டினீர்கள். மழைநாளில் இறைச்சி சுடுவதும் அங்கேதான். மார்த்தாவின் கோட்டும் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையும் புகை மணத்தன. நீங்கள் ஒளித்ததைத் தெரு முழுவதும் மூக்கால் அறிந்தது.

"உந்த மனுசன்தான் தோய்க்கிறார் போல," என்றார் அம்மா, அப்பாவுக்குக் கேட்கும்படியாக. அப்பா குடித்த கோப்பையை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். "அவையின்ர வீட்டுக் கதை உமக்கென்னத்துக்கு?"

ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வேறு ஆள். நெருப்பு ஆண்களுக்கு, சலாட் பெண்களுக்கு என்பது உங்கள் ஊர் வழக்கம். ஒரு ஞாயிறு இறைச்சி கருகுவதைக் கண்டு மார்த்தா இடுக்கியை எடுத்துப் புரட்டினார். உங்கள் நண்பர் ஒருவர் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் மகள் எனக்கு மொழிபெயர்த்தாள்: "அடுத்த கிழமை அப்பாவுக்குப் பூப்போட்ட ஏப்ரன் வாங்கித் தரப்போயினமாம்." எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் நீங்கள். பிறகு மார்த்தாவை உள்ளே போகச் சொன்னீர்கள். அந்தக் குரலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் இடுக்கியைப் புல்லில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள், நீங்கள் இறைச்சி வைத்துத் தந்துவிட்ட தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். கராஜில் மார்த்தாவின் கோட்டை உதறிக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் திரும்பிப் போகப் பார்த்தேன். "நில்," என்றீர்கள். நீங்கள் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னது என் மனத்தில் தமிழாகத்தான் இருக்கிறது.

"அவள் பஸ்ஸால இறங்கி வாறதைப் பார்த்திருக்கிறியா? நடையே மாறிப்போச்சு. போன கிழமை ஃபோர்மனோட இங்கிலீசில சண்டை பிடிச்சு வெண்டிட்டாள். என்னால ஏலாதது. நான் ஜன்னலுக்குப் பின்னால நிண்டு பார்ப்பன், ஒவ்வொரு நாளும்."

"மார்த்தாவிடம் சொல்லுங்கோவன்," என்றேன்.

"சொன்னால் பிறகு நான் ஆர்? நீயும் சொல்லாதை. நீ பேசாத பிள்ளை, அதாலதான் உன்னட்டைச் சொல்றன்."

ஓம் என்று தலையாட்டினேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் நான். வகுப்பில் கைகூட உயர்த்தாதவள். பேசாமல் இருப்பதற்காக ஒருவர் என்னை நம்பியது அன்றுதான். அப்பா ஜன்னலடியில் நிற்கும்போதெல்லாம், அவரும் அம்மாவைத்தான் பார்க்கிறாரோ என்று இன்றும் யோசிக்கிறேன்.

நேற்று மார்த்தா சொன்னது இது: தொழிற்சாலையில் அவரை மேற்பார்வையாளராக்கக் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை மாட்டேன் என்று சொல்லப்போகிறாராம். "நான் உழைச்சதுதான் அவரின்ர நெஞ்சை அரிச்சது. அவர் செத்தாப் பிறகும் அதுக்கு மேலால ஏறி நிக்கச் சொல்றியா?" அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

நாளை வியாழன். அவர் பஸ்ஸால் இறங்கும் நேரத்தில் நான் தரிப்பிடத்தில் நிற்பேன். கேட்க வந்ததை இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டுவிட்டேன், சேனோர். உங்களுக்குத் தந்த வாக்கை நீங்களே திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குப் பின்னால் நின்றவரைப் பற்றி நான் மார்த்தாவிடம் சொல்ல வேண்டும்.