கூட்டவையில் கடைசியாக எழும் உரிமை குறித்து வெண்கரைக் கோனுக்கு விடுத்த ஓலை

நன்மை நிலைபெறுக. ஏரி நிறைந்து, எல்லை அமைந்து, கோன் குடை நிழல் குறையாதிருக்க.

வடகடல் துறையில் பாசறை அமைத்திருப்பவரும், ஏழு மதகுகளின் காவலரும், பகைவரும் பெயர் சொல்லக் கூசும் பெருமையருமான வெண்கரைக் கோன் விடங்கப் பெருமாள் திருவடிகளுக்கு, எட்டுத் தலைமுறையாக அரசவையின் நடுப்பலகையில் தலைவராக அமர உரியவரான நெடுவாயில் கிழார் பூதி அரங்கனார் எழுதுவிக்கும் ஓலை. யானைகள் நலமா, குதிரைகள் நலமா, உப்புக்காற்று திருமேனிக்கு ஒத்துக்கொண்டதா என்று அவர் முதற்கண் வினவுகிறார். தலைநகராகிய ஆழிமருதூரில் மதில் நலம், சந்தை நலம், கோபுரத்துப் புறாக்களும் நலம். ஏரி நிறைந்து நின்றும் தென்மதகு பத்தொன்பது நாள் திறக்கப்படாமல் கிடந்தது. இப்போது திறந்துவிட்டது.

பெருமாள் விடுத்தருளிய ஓலை வந்து சேர்ந்தது. அரங்கனார் இறந்துபட்டார் என்று குடியவை எழுதிய ஓலையும், விதைநெல் குறித்து அரங்கனார் தம் முத்திரையிட்டு எழுதிய ஓலையும் ஒரே நாளில், ஒரே தூதன் கையில் வந்தன என்றும், இரண்டில் எது பொய் என்று தெரிந்தால் அதை எழுதியவர் தலையை வாங்கலாம் என்றும் அதில் கண்டிருந்தது. இரண்டும் மெய். அது எவ்வாறு என்பதை அரங்கனார் ஒன்றும் மறைக்காமல் தெரிவிக்கிறார். மறைத்துப் பழக்கமில்லாத வீடு அது.

பெருமாள் அறியாததன்று, ஆயினும் பாசறையில் ஓலை படிக்கும் அலுவலர் புதியவர் என்று கேள்வி. அவர் பொருட்டுச் சொல்வதாவது: இந்நாட்டில் அவைகள் மூன்று. நீரும் நிலமும் காவலும் அரசவையின் பொறுப்பு. பூசையும் விழாவும் தீட்டும் கோயிலவையின் பொறுப்பு. பிறப்பும் மணமும் இறப்பும் குடியவையின் பொறுப்பு. ஒவ்வொன்றும் தன் மண்டபத்தில் கூடும். ஒவ்வொன்றிலும் தலைமை உடையவரே கடைசியாக எழுவார். அவர் எழுந்த பின்பே தீர்மானம் உயிர் பெறும். ஒருவர் இருக்க மற்றொருவர் எழுந்தால், எழுந்தவர் இருந்தவருக்கு அடங்கினார் என்பது பழஞ்சட்டம்.

கடைசியாக எழுவதில் பூதி வீட்டாருக்கு நிகர் இல்லை. அரங்கனாரின் பாட்டனுக்குப் பாட்டனார், மண்டபக் கூரை தீப்பற்றியபோது, தீர்மானத்தின் இறுதி அடி எழுதி முடியும்வரை இருந்து, குடுமி கருகிய பிறகே எழுந்தார். பாட்டனார் மடியில் நல்லபாம்பு ஏறிச் சற்று இளைப்பாறிச் சென்றது, அவர் அசையவில்லை. தந்தையாரோ, தம்மைப் பெற்றவர் உயிர் நீத்த செய்தி காதில் விழுந்தும், கால்வாய் வழக்கொன்றை முடித்துவிட்டே எழுந்தார்.

நிற்க. பெருமாள் படைகொண்டு புறப்படுமுன், இவ்வாண்டு மதகு திறக்கும் வழக்கை மூன்று அவைகளும் ஒரே கூரையின்கீழ் கூட்டவையாகக் கூடித் தீர்க்குமாறு ஆணையிட்டருளினார். அவ்வாணையில் நாள் இருந்தது, நாழிகை இருந்தது, எந்தப் பாய் விரிப்பது, வெற்றிலை எந்தத் தோட்டத்தது என்பதும் இருந்தது. கடைசியாக எழுபவர் யார் என்பது மட்டும் இல்லை. அரங்கனார் இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததாகச் சொல்கிறார்.

கூடிய அன்றே, நண்பகலுக்குமுன் வழக்குத் தீர்ந்தது. தென்மதகை உடனே திறப்பது என்று மூவரும் ஒப்பினர். ஒருவரும் எழவில்லை.

அரங்கனார் கோயிலவைத் தலைவரைப் பார்த்தார். கோயிலவைத் தலைவரான திருமுற்றத்துக் காட நம்பியார் கூரையைப் பார்த்தார். அரங்கனார் தம் மகள் நங்கையை நம்பியாரின் மகன் சேந்தனுக்குக் கொடுப்பதாகத் தாம்பூலம் மாற்றி ஒரு மாதமே ஆகியிருந்தது. மணநாள் அன்றிலிருந்து பத்தொன்பதாம் நாள். சம்பந்தி என்ற முறைக்காவது அவர் முன்னே எழுவார் என்று இருவரும் ஒருவரைப்பற்றி ஒருவர் எண்ணினர்.

மூன்றாம் தலைமையான குடியவை மூத்தாள் கொற்றியார் மட்டும், குயவர் தெருவில் ஒருத்தியை இடுப்புநோவோடு விட்டு வந்திருப்பதாகவும், அந்தப் பிள்ளைக்கு அவை வழக்கம் தெரியாதென்றும் கூறி எழுந்து போனார். சட்டப்படி அன்று குடியவை மற்ற இரண்டுக்கும் அடங்கியது. ஆனால் நகரில் கால்கொண்டு நடக்கும் தலைமை அவர் ஒருவரே என்றாயிற்று. ஆகவே களவு வழக்கும் அவரிடம் போயிற்று, தேர்வடம் அறுந்த வழக்கும் அவரிடம் போயிற்று, காவலர் மாற்றமும் அவரிடம் போயிற்று. அடங்கியவர் ஆண்டார், ஆள்பவர் அமர்ந்திருந்தனர்.

தலைவர் இருக்க உறுப்பினர் எழலாகாது என்பதால், அரசவையார் இருபத்திருவரும் கோயிலவையார் பத்தொன்பதின்மரும் உடன் இருந்தனர். உடலுக்குரிய கடன்களின் பொருட்டு, மண்டப மதிலுக்குள் பலகையோடு தூக்கிச் செல்லப்படுவது எழுதல் ஆகாது என்று இரு அவைகளும் ஒருமனதாகத் தீர்மானித்தன. பத்தொன்பது நாளில் அவை ஒன்றுபட்டது அதில் மட்டுமே. வாயிலைக் கடந்தால், பலகையில் கடந்தாலும், அவையை நீங்கியதாகவே கொள்ளப்படும், பிணமாகக் கடந்தாலொழிய.

மூன்றாம் நாள் நம்பியார், பெண்வீட்டார் பணிவது உலக வழக்கு என்று உத்திரத்தை நோக்கிச் சொன்னார். பெண்வீட்டார் மாப்பிள்ளைக்குப் பணிவர், மாப்பிள்ளையின் தகப்பனார் முழங்காலுக்குப் பணியார் என்று அரங்கனார் தூணை நோக்கி விடையிறுத்தார். ஆறாம் நாள் நம்பியார், தாம் இருப்பது இருத்தல் அன்று, தவம் என்றார். தவத்தில் இருப்பவர் நாள்தோறும் மூன்றுவேளை தயிர்ச்சோறும் ஊறுகாயும் கேட்டதாகத் தாம் எங்கும் கேள்விப்பட்டதில்லை என்று அரங்கனார் உரைத்தார். ஒன்பதாம் நாள் அரங்கனாரின் மனைவியார் சேந்தியார், சோற்றுப்பானை கொண்டுவந்த பணிப்பெண்ணிடம் செய்தி சொல்லி அனுப்பினார்: பந்தலுக்கு ஒரு கால் குறைகிறதாம், மண்டபத்தில் ஒரு தூண் மிகுதியாக நிற்பதாகக் கேள்வியாம், ஒருவருக்கும் பயன்படாவிட்டால் அனுப்பிவைக்கலாமாம். மண்டபத்தில் சிலர் இருமினர். அரங்கனார் இருமவில்லை.

அவருக்கு இருந்த வருத்தம் வேறு. நங்கை அவருக்கு நாற்பத்தேழாம் வயதில், மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த பின் பிறந்தவள். அவள் கையில் நீர் வார்த்துக் கொடுப்பது அவர் தம் வாழ்நாளில் கேட்டுக்கொண்ட ஒன்றே ஒன்று. எழுந்தால் எட்டுத் தலைமுறை போயிற்று. எழாவிட்டால் அந்த நாள் போயிற்று. இதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. இப்போது பெருமாளிடம் சொல்வது, கேட்டதற்கு விடை கூறும் கடமையால் மட்டுமே.

பதினேழாம் நாள் கொற்றியார் மண்டபத்துக்கு வந்தார். மணம் நடத்திவைப்பது குடியவையின் பொறுப்பு என்றும், இரு தகப்பன்மாரும் மண்டபத்தை விட்டு வரமாட்டார்கள் என்றும், பிணமாக மட்டுமே வாயிலைக் கடக்கலாம் என்று அவர்களே தீர்மானித்துவிட்டார்கள் என்றும், இறப்பை அறிவிப்பதும் குடியவையின் பொறுப்புத்தான் என்றும் எடுத்துரைத்து, அன்று காலை முதல் இருவரும் இறந்தவர் என்று குடியவை தீர்மானித்திருப்பதாகத் தெரிவித்தார். அரங்கனார் அப்போது விதைநெல் குறித்துப் பெருமாளுக்கு ஓலை எழுதுவித்துக்கொண்டிருந்தார். அதை முடித்து முத்திரையிட்ட பின்பே தம் இறப்பைக் கேட்டுக்கொண்டார். பெருமாள் ஐயுற்ற இரண்டு ஓலைகளும் இவையே.

இறப்பு நேர்ந்தால் தீட்டு; தீட்டு இருந்தால் மணம் இல்லை. தீட்டைத் தீர்மானிப்பது கோயிலவை. அவ்வவையாரைக் கேட்டபோது, தீர்மானத்தால் இறந்தவருக்குத் தீர்மானத்தால்தான் தீட்டு என்றும், அப்படியொரு தீர்மானத்தைத் தாங்கள் கொண்டுவரப்போவதில்லை என்றும், தங்களுக்கு முதுகு வலிக்கிறது என்றும் கூறினர்.

சேந்தியார் மட்டும் ஒப்பவில்லை. தாம் தாலி கட்டிக்கொண்டது அவையிடம் அன்று என்றும், அவை சொல்லி அதைக் கழற்றப்போவதில்லை என்றும் அவர் சொல்லியனுப்பினார். கொற்றியார் நெடுநேரம் எண்ணி, தாலி கழற்ற வேண்டா, மேலாடையால் மூடிக்கொண்டு பந்தலுக்கு வெளியே மூன்று முழம் தள்ளி நிற்கலாம் என்று விலக்களித்தார். அதைக் கேட்டபோதும் அரங்கனார் எழவில்லை. இதையும் அவர் மறைக்கவில்லை.

மணநாள் காலை, பிணங்கள் இரண்டும் பலகையில் இருந்தபடியே புறப்பட்டன. வாயிலை முதலில் கடப்பது யார் என்ற கேள்வி எழுந்ததால், மதிலில் மற்றொரு வழி இடித்து, இரண்டும் ஒருசேர வெளியேற்றப்பட்டன. அரசவையாரும் கோயிலவையாரும் தலைவர் இறந்துவிட்டதால் தளையற்றவராகி, ஒருவர் தோளை ஒருவர் பற்றி நொண்டிக்கொண்டு பின்னே வந்தனர். எதிரே வந்தவர்கள் மணவூர்வலமா, மற்றதா என்று அறியாமல் பூவும் தூவினர், வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டனர்.

பந்தலில் பலகைகள் எதிரெதிராக வைக்கப்பட்டன. இறந்தவர் நீர் வார்த்துக் கொடுக்க முடியாதாகையால், அரங்கனாரின் தம்பி மல்லனார் நீர்க்கெண்டியை எடுத்தார். நங்கை நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். தன் தகப்பனார் இருக்கிறாரா இல்லையா என்று சொல்ல ஓர் அவை இருக்கிறது, அவருக்குத் தீட்டு உண்டா இல்லையா என்று சொல்ல ஓர் அவை இருக்கிறது, தான் யார் மகள் என்று சொல்வது எந்த அவை என்று அவள் கொற்றியாரைக் கேட்டாள். அவள் குரலில் சினம் இல்லை. வழி கேட்பவள் போலக் கேட்டாள்.

கொற்றியார், இதுகாறும் இந்நகரில் தாம் பேறு பார்த்து எடுத்த பிள்ளைகளுக்கு எண்ணிக்கை இல்லை என்றும், எது யார் பிள்ளை என்று கேட்க ஒருமுறையும் அவை கூட்டியதில்லை என்றும், பிள்ளை அழும், உள்ளவர் எவரோ அவர் வருவார், அவ்வளவுதான் தமக்குத் தெரியும் என்றும் சொன்னார்.

பூதி அரங்கனார் எழுந்தார்.

பத்தொன்பது நாள் மடங்கிக் கிடந்த முழங்கால்கள் இரண்டும் காய்ந்த மூங்கில் பிளந்தாற்போல் ஒலித்தன. அதை மங்கலக் குறிப்பு என்று எண்ணிய மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டிவிட்டார். அந்த முழக்கத்தினூடே அரங்கனார் நடந்து சென்று, பந்தலுக்கு வெளியே நின்ற மனைவியாரின் மேலாடையை விலக்கி, அவரை உள்ளே அழைத்து வந்து, தம்பி கையிலிருந்த கெண்டியை வாங்கி, மகள் கையில் நீர் வார்த்தார். அவர் எழுந்தபோது நம்பியார் இருந்தார். இதை நாட்டார் அனைவரும் கண்டனர்.

உடனே நம்பியாரும் எழுந்தார். எழுந்த வரிசையை எல்லோரும் பார்த்தீர்களா என்று பந்தலைச் சுற்றிக் கேட்டார். பார்த்தோம் என்று எல்லோரும் கூறினர். அதன்பின் அவர் மருமகளை வாழ்த்திவிட்டுப் போய்ப் பந்தியில் அமர்ந்தார். அந்நேரமே தீர்மானம் உயிர்பெற்றது, தென்மதகு திறந்தது.

விருந்து முடிந்தபின் கொற்றியார் அரங்கனாரிடம் ஒரு வழி கூறினார். இறந்தவர் எழுந்தால் அது எழுதல் அன்று, பிறத்தல் என்றும், பிறப்பை எழுதுவது குடியவை என்றும், நெடுவாயில் வீட்டில் அன்று முற்பகல் ஓர் ஆண்மகவு பிறந்தது என்று தாம் எழுதிக்கொள்வதாகவும், அவ்வாறாயின் பூதி வீட்டார் எவரும் முன்னே எழவில்லை, உரிமை அப்படியே இருக்கும் என்றும், பிறந்த பிள்ளைக்கு முப்பத்தைந்து வயது நிறையும்வரை அவையில் இடமில்லை என்பது ஒன்றே குறை என்றும் விளக்கினார். அரசவையார் இருபத்திருவரும் இதை ஏற்குமாறு கைகூப்பி வேண்டினர். சேந்தியார், இந்தப் பிள்ளையைத் தம்மால் இனி வளர்க்க முடியாது என்று கூறினார்.

அரங்கனார் ஏற்கவில்லை. தம் முன்னோர் தீயிலும் எழாதிருந்தது மெய். தாம் மகளுக்காக எழுந்ததும் மெய். முன்னதை மெய் என்று எட்டுத் தலைமுறை சொல்லிவந்த வாய், பின்னதைப் பிறப்பு என்று மாற்றிச் சொல்லாது.

ஆதலால் பெருமாள் திருமுன் அவர் வேண்டுவதும், பெருமாள் மீளும்வரை தமக்கு அளித்தருளிய ஆட்சியுரிமையால் ஆணையிடுவதும் ஆவன: அரசவை இனிக் கூட்டவையில் கோயிலவைக்குக் கீழே அமர்க. நடுப்பலகை நம்பியார் மனைக்கு மேளத்தோடு எடுத்துச் செல்லப்படுக. அதைத் துடைத்துக் கொடுப்பது பூதி வீட்டாரே ஆகுக. அரங்கனார் முன்னே எழுந்தார் என்று மண்டபத்துக் கல்லில் வெட்டுக. காரணம் வெட்ட வேண்டா. அது அவர் வீட்டுக்கு உரியது. இரக்கம் கொண்டு பெருமாள் இவ்வரிசையை மாற்றாதிருக்க. இனி விடுக்கும் ஆணைகளில், வெற்றிலைத் தோட்டத்தைக் குறிக்க மறந்தாலும், கடைசியாக எழுபவர் பெயரைக் குறிக்க மறவாதிருக்க.

அரங்கனார் இறந்தவர் என்னும் தீர்மானம் இன்னும் நீக்கப்படவில்லை. குடியவை வரும் முழுநிலா நாளில்தான் கூடும். அதுகாறும் இவ்வோலை இறந்தவர் ஓலையாகப் படிக்கப்பட்டு, இருப்பவர் ஆணையாகச் செய்யப்படுக.

நெடுவாயில் முத்திரை இட்டது. சொல்லி எழுதுவித்தவர் பூதி அரங்கனார். பலகையைத் துடைத்து எடுத்துவைத்துவிட்டமையால், நின்றபடியே எழுதுவித்தார்.