குறட்டை விடும் நாயும் அக்கா பேரில் ஒரு பெட்டியும்

பிரியம் மாறாத மச்சானுக்கு,

நாய் உறுமிருச்சு. முதல்ல அதைச் சொல்லிட்டுத்தான் மத்த சங்கதி. நீங்க பாதியில விட்டுட்டுப் போன அந்த நாய், நீங்க ஆசைப்பட்ட மாதிரியே இப்பக் கொஞ்சங் கொஞ்சமாக் கோவப்படுது.

நீங்க போனதுலேருந்து என்னைப் பாக்கிற ஆளுக ஒரே கேள்விதான் கேக்காக. "நாரணாபுரத்துப் பட்டாசு ஆபீஸ்ல ஸ்டோர் பாத்த உங்க மச்சானா? வெடி விபத்தா?" இல்லைங்க, மாரடைப்புன்னு சொன்னா லேசா ஏமாந்த மாதிரி ஒரு முகம். நீங்க இருந்தா இதை வச்சே ஒரு வாரம் சிரிச்சிருப்பீக.

காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் கோமதி அக்கா என்னைக் கூப்பிட்டு, டிவிக்குக் கீழ இருந்த வீடியோ கேம் பெட்டியைக் காட்டுச்சு. "ஏலே முருகேசா, இதை உங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரு. இதைப் பாத்தா அவுக இங்கன உக்காந்திருக்கிற மாதிரியே இருக்கு."

"நாய் வேலை மட்டும் பாக்கி இருக்குக்கா. முடிச்சிட்டு எடுத்துட்டுப் போறேன்."

"எந்த நாய்?"

பாத்தீகளா மச்சான்? அம்புட்டு நாள் பக்கத்து அறையில இருந்தும் அக்காவுக்கு விஷயமே தெரியலை. நீங்க ஏதோ பொம்மையை ஓட விட்டு விளையாடுறீகன்னே நினைச்சிருக்கு. நான்தான் விளக்கினேன். அடுத்தவன் கட்டுன ஆட்டத்தை ஆடுறதோட நிக்காம, நாமளே தெரு, வீடு, பஸ்ஸெல்லாம் வச்சு ஒரு லெவல் கட்டலாம், அதை ஊர் உலகத்துல யாரும் ஆடலாம். நாரணாபுரத்துல ஓடிப்போய் சிவகாசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி நாம ஒண்ணு கட்டிக்கிட்டு இருந்தோம். வழியில ஒரு நாய் படுத்திருக்கும்.

"சிவகாசிக்காரக கட்டுன ஆட்டத்துல ஒரு வெடி கூடவா இல்லை?"ன்னு கேட்டுச்சு. நீங்க எனக்குச் சொன்ன பதிலையே சொன்னேன். "பகல் பூரா அதைத்தான பாக்கேன், வீட்டுக்கு வந்தும் அதுவா?"

ஞாயித்துக்கிழமை உக்காந்தேன். எனக்குத் தெரிஞ்சது ஸ்விட்ச்சுக் கணக்குதான். ஆள் வந்தா ஒண்ணு, வரலைன்னா ஒண்ணுமில்லை. ஆள் வர்றதை உணர்ற சென்சார்லேருந்து திரையிலயே ஒரு வயரை இழுத்து நாயோட உறுமலுக்குக் கொடுத்தேன். நல்லாக் குறட்டை விட்டுக்கிட்டு இருந்த நாய், ஆட்டத்துல ஆள் ஒரு அடி எடுத்து வச்சதும் வீடே கிடுகிடுக்க ஒரே கத்து. அடுப்படியில அக்கா கையிலிருந்த காப்பி கொட்டிருச்சு.

"என்னலே அது?"

"நாய்க்கா."

"நாயா, லாரியா?"

நீங்க எத்தனை தடவை சொல்லியிருப்பீக, "மாப்ள, எல்லாத்தையும் ஸ்விட்ச்சுன்னு நினைக்காத, ஃபேன் ரெகுலேட்டரை நினை"ன்னு. நானும் தலையை ஆட்டுவேன், ஒண்ணும் விளங்கியிருக்காது. கடைசியா விளங்குனது என் பிரஸ் வேலையிலதான். காலண்டர் சீசன், டிசைன் கம்ப்யூட்டரை விட்டு எந்திரிக்க நேரமில்லை. ஒரு லட்சுமி படத்துல தாமரைக்கு ரோஸ் பத்தலைன்னு ஆர்டர் கொடுத்த பார்ட்டி சொல்லிட்டாக. சிவப்பை நாப்பது சதவீதத்துலேருந்து அம்பதுக்குக் கூட்டுனேன். கூட்டுன கை அப்படியே நின்னுருச்சு. சிவப்பு இருக்கா இல்லையாங்கிறதா இங்க பேச்சு? எம்புட்டு இருக்குங்கிறதுதான?

சென்சாரும் அப்படித்தானாம் மச்சான். "ஆள் வந்தாச்சு"ன்னு மட்டும் சொல்லாம "இம்புட்டுக் கிட்ட வந்தாச்சு"ன்னும் சொல்லும். தூரத்துல நின்னா பத்து, பாதி வழியில அம்பது, மூக்குக்கிட்ட நூறு. அடுத்த லீவுக்கு உங்க வீட்டுக்கு வந்து அந்த அளவையே உறுமலுக்குக் கொடுத்தேன். கிட்டப் போகப் போகக் குறட்டை தேய்ஞ்சு, உறுமல் மெதுவா ஏறுச்சு. அக்கா கதவுகிட்ட நின்னு பாத்துச்சு. அப்புறம் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. நீங்க போனப்புறம் அந்த அறைக்குள்ள அது உக்காந்தது அன்னைக்குத்தான்.

அங்கனதான் வினையும் வந்துச்சு. எந்த வயர் எங்க போகுதுன்னு காட்டுற பலகை திரையில திறந்தே கிடந்திருக்கு. "இது என்ன, என் பேரு எழுதியிருக்கு?"

ஏன் மச்சான், வயருக்கு நடுவுல வர்ற கணக்குப் பெட்டிகளுக்கெல்லாம் வீட்டு ஆளுக பேரையா வைப்பீக? ரெண்டு பக்கமும் சம்மதிச்சாத்தான் வழிவிடுற ‘ஆண்ட்’ பெட்டிக்கு ‘மாமனார் மாமியார்’னு பேரு. யார் என்ன சொன்னாலும் சரிங்கிற ‘ஆர்’ பெட்டிக்கு என் பேரு. அதுகூடப் போகட்டும். ‘நாட்’ பெட்டிக்கு ‘கோமு’ன்னு எழுதியிருக்கீக.

"அது என்ன செய்யும்?"

"முக்கியமான பெட்டிக்கா அது."

"என்ன செய்யும்னு கேட்டேன்."

"வர்றதைத் தலைகீழா மாத்திச் சொல்லும். நூறு போனா சைபர் வரும். எம்பது போனா இருபது வரும்."

அக்கா அந்தப் பெட்டி மேல விரலை வச்சுச்சு. "எடுத்துரு."

எடுத்தேன். வேறென்ன செய்ய? எடுத்துட்டு ஆடிப் பாத்தா, கிட்டப் போகப் போக நாய்க்கு உறுமலும் கூடுது, குறட்டையும் கூடுது.

"என்னலே, உறங்குதா, கடிக்க வருதா?"

"ரெண்டும்தான். ஆள் கிட்ட வந்தா குறட்டை குறையணும்ல? அதை மாத்திச் சொல்ல அந்தப் பெட்டி வேணும்க்கா. மச்சான் அதை நம்பித்தான் நாயைப் படுக்க வச்சிருக்காக."

"அப்பப் போட்டுரு. பேரையும் போட்டுரு." பலகையை மேலயும் கீழயும் பாத்துட்டு, "அவுக பேருல பெட்டி இல்லையாக்கும்?"

பலகை பூராவும் தேடுனோம். இல்லை. உங்களை எந்தப் பெட்டியா நினைச்சிருந்தீகளோ, இனி யாருகிட்டக் கேக்க?

"இன்னொரு ‘நாட்’ பெட்டியை எடு. என் பெட்டிக்குப் பக்கத்துல வை. அவுக பேரை எழுது."

"ரெண்டு நாட் வரிசையா வந்தா, மாத்துனதைத் திரும்ப மாத்திப் பழையபடி ஆக்கிரும்க்கா. ஒரு பிரயோஜனமும் இல்லை."

"அப்படித்தான்டா நாங்க இருந்தோம். அவுக சொன்னதை நான் மாத்துவேன். நான் மாத்துனதை அவுக மாத்துவாக. கடைசியில எல்லாம் சரியாத்தான வந்துச்சு?"

சொல்லிட்டு அக்கா சிரிச்சுச்சு. சிரிச்சுக்கிட்டே முந்தானையால மூஞ்சியை மூடிக்கிச்சு. நான் டிவியையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

நாய் வயர்ல வச்சா மறுபடியும் குழம்பும்னு, பஸ் ஹார்ன் வயர்ல உங்க ரெண்டு பேருக்கும் தனியா இடம் ஒதுக்கிட்டேன். எம்பது உள்ள போகுது, எம்பது வெளிய வருது. ஹார்ன் எப்பவும் போல அடிக்குது. லெவலை வெளியிட்டாச்சு. எந்த ஊர்க்காரரோ ஒருத்தர், நாயைப் பாத்துப் பயந்துட்டேன்னு எழுதியிருக்கார். இன்னொருத்தர் பலகையைத் திறந்து பாத்துட்டு, ஹார்ன் வயர்ல ரெண்டு பெட்டி வீணா இருக்குன்னு யோசனை சொல்லியிருக்கார். அக்காகிட்ட வாசிச்சுக் காட்டுனேன். "அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகலை போல"ன்னுச்சு.

கேம் பெட்டி உங்க வீட்லதான் இருக்கு. தூக்கிட்டுப் போன்னு அக்கா அப்புறம் சொல்லலை, நானும் கேக்கலை. இப்ப அக்காவும் ஆடுது, இன்னும் பஸ்ஸைப் பிடிச்சபாடில்லை, நாய்கிட்டப் போய் நின்னுக்கிட்டு அதோட சண்டை போடுது. லெவல்ல வேற எதை மாத்துனாலும் மாத்துவேன் மச்சான். அந்த ரெண்டு பெட்டியில மட்டும் நானும் கை வைக்க மாட்டேன், வேற யாரையும் வைக்க விட மாட்டேன்.

இப்படிக்கு,
யார் என்ன சொன்னாலும் சரிங்கிற உங்க மாப்ள,
கோமதி தம்பி முருகேசன்