வெயிலில் விரித்த வேட்டி

இன்று பகல் பக்கத்து வீட்டில் மோர்மிளகாய் வறுத்தார்கள். நெடி தாங்காமல் ஜன்னலைச் சாத்தப் போனவன், உன் நினைவில் அங்கேயே நின்றுவிட்டேன். நீ போய் இரண்டு மாதமாகிறது.

எழுபத்தொன்றில் கிழக்கு எல்லையில் இருந்த உன் ராணுவ முகாமுக்கு நிருபராக வந்தேன். எல்லை ஆற்றின் அக்கரையில் ஒரே நாட்டுக்காரர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். யார் எந்தப் பக்கம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவருபவனைக்கூட ஒவ்வொரு நடைக்கும் சோதித்தார்கள். பல்லாவரம் பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நீயே, “இன்னா மச்சான், நெஜமாவே பேப்பர் வேலையாத்தான் வந்தியா?” என்றாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். ஆனாலும் பதிலுக்குக் காத்திருந்தாய்.

தினமும் ரொட்டியும் பருப்பும் தின்று உனக்கு நாக்கு செத்திருந்தது. மிளகாயைக் கீறி, உப்புத் தயிரில் ஊறவைத்து, கூடாரத்துக்குப் பின்னால் உன் வெள்ளை வேட்டியை விரித்துக் காயவைத்தாய். உன் வீட்டு மொட்டைமாடியில் செய்வதுதான். அன்று ஒரு விமானம் தாழப் பறந்து வட்டமிட்டுப் போனது. சுபேதார் ஓடிவந்தார். திறந்தவெளியில் வெள்ளைத் துணி. பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்த அகதி. எதிரி விமானத்துக்கு அடையாளம் காட்டுகிறான் என்று அவன் கைகளைக் கட்டினார்கள். நம் பக்கமிருந்த அக்கரைப் போராளிகளிடம் ஒப்படைக்கப் போவதாகச் சொன்னார்கள். அப்படிப் போனவன் எவனும் திரும்பியதில்லை.

வேட்டி உன்னுடையது என்று அரைகுறை இந்தியில் சொன்னாய். வேட்டியில் யாராவது மிளகாய் காயவைப்பார்களா என்றார் சுபேதார். “நீயாச்சும் சொல்லேன்டா. வாய்ல இன்னா வச்சிக்கினு கீறே?” என்று என் பக்கம் திரும்பினாய். தமிழைக் கேட்டதும் அவர் என்னையும் ஒரு மாதிரி பார்த்தார். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் வழக்கம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நம்பாமல், அந்த மிளகாயை உன்னையே தின்னச் சொன்னார். அரைகுறையாய்க் காய்ந்திருந்ததை ஒரு பிடி மென்று, கண்ணில் நீர் வழிய, “நல்லாத்தான் கீது, சாப்” என்றாய். அவன் கைக்கட்டை அவிழ்த்தார்கள். வெள்ளைத் துணி விரித்த குற்றத்துக்கு உன் சட்டைக்கையிலிருந்த ஒற்றைப் பதவிப் பட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

விடுபட்டவனும் உன்னை நம்பவில்லை. மாலையில் நீ கொடுத்த டீயை, நீ ஒரு வாய் குடித்துக் காட்டிய பிறகுதான் வாங்கினான். மறுநாள் அவனைக் காணவில்லை.

ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் தாம்பரம் ஸ்டேஷனில் நீயாகவே கேட்டாய். “அவன் நெஜமாவே வேவு பாக்க வந்தவனா இருந்தா?” தெரியாது என்றேன். ரயிலில் ஏறும்போது சொன்னாய்: “இருந்தா இருந்துட்டுப் போறான். வேட்டி என்னுதுதானே.”

அவன் யார் என்று பிறகு பலரிடம் விசாரித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தச் சந்தேகம் இப்போது என்னிடம் மட்டும் இருக்கிறது, உன் பதிலோடு.