ஓட்டை போட்ட குவளை

ஹாரா கெபீரா, ஜெர்பா
ஞாயிறு

அன்பு மகன் பிராஜிக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், உன் உடம்பையும் கடவுள் நல்லபடியாக வைத்திருக்கட்டும். நலம் விசாரிப்பது இத்தோடு போதும், இருக்கிற கோபத்தில் இதற்கு மேல் வராது.

நீ இருக்கும் மர்சேயிலிருந்து வந்த பக்கத்து வீட்டு கஸாலா வெள்ளிக்கிழமை போனில் உன் அறையின் படத்தைக் காட்டினாள். ஜன்னலில் செடி, செடிக்குக் கீழே சாப்பாட்டுக்கு முன் கை கழுவ, நீ போகும்போது நான் கொடுத்தனுப்பிய செம்புக் குவளை. இரண்டு கைப்பிடி, ஒரு பக்கம் நசுங்கிய விளிம்பு, எனக்கா தெரியாது. "அடியில ஓட்டை போட்டுட்டான் அத்தை, இல்லாட்டி வேர் அழுகிடுமாம்" என்று சிரிக்கிறாள். ஏண்டா, அந்த ஊரில் மண்சட்டியே கிடைக்காதா? நம் யூதச் சட்டப்படி ஓட்டைப் பாத்திரத்தில் கை கழுவினால் கழுவினதாகாது என்பது பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்த எனக்கே தெரியும். ரபியிடம் அத்தனை வருஷம் வேதம் படித்த உனக்குத் தெரியாதா? தெரிந்துதான் போட்டாய், அதுதான் எரிகிறது. இனிமேல் கழுவப் போவதில்லை என்று முடிவு செய்தவன்தான் அதில் துளை போடுவான்.

அடுத்த மாதம் உன் தங்கை கமூனாவுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்குப் பிறகு வரும் முதல் சப்பாத், அந்த வெள்ளி இரவுச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை அந்தக் குவளையில்தான் கழுவ வேண்டும், உன் அப்பாவும் அதில்தான் கழுவினார். அவரிடம் சொன்னால், "பிளாஸ்டிக்ல கழுவட்டும் விடுடி" என்று மீன் வாங்கக் கிளம்பிவிட்டார். திரும்பி வந்தபோது கையில் மீன் இல்லை. செம்புக் கடை மன்சூரிடம் போய் நின்றிருக்கிறார். "உலோகத்தாலயே அடைச்சா பழையபடி ஆகிடும், கொண்டாரச் சொல்லுண்ணே" என்றாராம்.

கொண்டு வா. தபாலில் அனுப்பாதே, கையில் கொண்டு வா. லீவு கிடைக்காது என்று அளந்த கதையெல்லாம் கமூனாவிடம் வைத்துக்கொள்.

கை கழுவினதிலிருந்து ரொட்டியை வாயில் வைக்கும் வரை பேசக்கூடாதே, இந்த வீட்டில் நான் வாயை மூடுகிற நேரம் அது ஒன்றுதான் என்று கமூனா கேலி செய்வாள். வெள்ளிக்கிழமை அந்த நேரம் பார்த்து உன் காலி நாற்காலி எதிரே இருந்தது. திட்டக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

செடியை வேறு சட்டிக்கு மாற்று, அது என்ன பாவம் செய்தது. கடவுள் உன் வழியெல்லாம் கூட இருக்கட்டும். கை கழுவிவிட்டுச் சாப்பிடு. எதில் கழுவினாலும் சரி, ஓட்டை இல்லாததாகப் பார்த்துக்கொள்.

கோபம் தீராத உன் அம்மா
மெய்ஸா